கொம்புக்கு விட்ட இடம்

ஆரம்பப் பாட்டு என்பது இன்னும் உட்காராதவர்களுக்காகப் பாடப்படுவது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கூடார சினிமாக் கம்பெனியின் மானேஜர். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டவர். ஆகவே மானேஜர் என்றே எழுதிப் போகிறேன். டிக்கெட் எடுத்தவன் உள்ளே வந்துவிடுகிறான், ஆனால் அவன் மனம் இன்னும் மாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது, அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்துப் பாய்க்காரனோடு இடத்துக்குச் சண்டை போடுகிறது. அந்த மனத்தைப் பிடித்து இழுத்து வந்து தரையில் உட்கார வைப்பதுதான் பாட்டின் வேலை என்பார்.

பேசும் படம் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது விளங்குவது கடினம். உங்கள் பாட்டு இயந்திரத்திலிருந்து வருகிறது. ஜனம் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அது முடிந்துபோகும். எங்கள் காலத்தில் படம் ஊமை. திரைக்குப் பக்கத்தில் ஹார்மோனியத்தோடு நான், கம்பெனியின் பாகவதர், உட்கார்ந்திருப்பேன். தொடக்கத்தில் பாடுவேன், நடுவில் கதை சொல்வேன், முடிவில் மங்களம் பாடுவேன். எதை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. நான் சொல்லப்போவது அந்த வரிசையை நானே மாற்றிய ஒரு மாலையைப் பற்றி.

காலத்தை முதலில் ஒழுங்குபடுத்திவிடுகிறேன். ஆண்டு இன்னதென்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அந்நாளில் குறித்து வைத்தவையெல்லாம் இந்தக் கதையிலேயே ஆற்றோடு போயின. ஆனால் இரண்டு எல்லைக்கற்கள் உண்டு. மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924 வெள்ளத்துக்குப் பின். ஏனென்றால் அந்த எஸ்டேட்டில் எல்லோரும் அந்த வெள்ளத்தை வைத்துத்தான் வயது சொன்னார்கள். பேசும் படத்துக்கு முன். ஏனென்றால் எனக்கு வேலை இருந்தது. மாதம் ஐப்பசி. தீபாவளி கழிந்துவிட்டது. கிழமை ஞாயிறு. இவ்வளவுக்கு நான் பொறுப்பு.

எங்கள் கம்பெனி பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோட்டில் ரயில் பாதையோரம் கூடாரம் போட்டிருந்தபோது மானேஜர் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுச் சுருள் வாங்கி வந்தார். அதில் மனிதர்கள் கிடையாது. எல்லாம் கையால் வரைந்த படங்கள், ஆனால் அசைந்தன. இருட்டாக ஒரு மலை. அதன் பின்னாலிருந்து மெல்ல மெல்லச் சூரியன் எழும். பிறகு மான், குரங்கு, பறவைகள், கடைசியாக ஒரு யானை என்று வரிசையாக நீர்த்துறைக்கு வந்து கூடும். அவ்வளவுதான், சிறிய சுருள். அதை முதலில் ஓட்டிவிட்டுப் பெரிய படத்தைத் தொடங்கலாம் என்றார் மானேஜர். அதற்கொரு பாட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன்.

கிழக்குத் திறந்தது பாருங்கள் – மலைக்
காடெல்லாம் வந்தது கூடுங்கள்

என்று தொடங்கும். பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக்கு முன்னால் மானேஜர் வைத்த கொம்பு அதைத் தூக்கிவிட்டது. கூடாரத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். இருட்டில், கூடாரக் கம்பம் நடும் எங்கள் கம்பக்காரன் ஒருவன் பித்தளைக் கொம்பை வாயில் வைத்து, சூரியன் முழுதாக எழும் வரையில், மூச்சு விடும் இடமே தெரியாமல் ஊதுவான். சூரியன் மலையை விட்டுக் கிளம்பிய கணத்தில் கொம்பு நிற்கும், என் குரல் எழும். சனங்கள் சத்தம் போட்டுக் கைதட்டுவார்கள். சித்தூர்ப் பக்கம் வண்டிக்காரர்கள் படத்தின் பெயர் கேட்கமாட்டார்கள். கொம்புப் பாட்டு உண்டா என்றுதான் கேட்பார்கள். நாங்கள் ஊருக்குள் நுழையும் முன்பே பாட்டு நுழைந்துவிடும்.

அந்தப் பேரோடுதான் மலையேறி வண்டிப்பெரியாறு பக்கம் போனோம். ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூடாரம் போட அனுமதி கிடைத்தது. மலையில் சமதரைக்குப் பஞ்சம். சமமாக இருந்தவை இரண்டே இடம். ஒன்று காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். அதைத் துரை தரமாட்டார். மற்றது அதற்குக் கீழே ஓடைக்கரை. கரையிலிருந்து களத்துக்கு மண்ணில் வெட்டிய படிகள் ஏறின. இருவர் சேர்ந்து ஏற முடியாத படிகள். கூடாரத்தின் வாசலை அந்தப் படிகளைப் பார்த்து வைத்தோம்.

முதல் நாள், கூலிகள் குடியிருந்த வரிசைவீடுகளான லயங்களிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பாய், சாக்கு, குழந்தை, வெற்றிலைப் பை எல்லாம் உள்ளே. விளக்கை அணைத்தோம். கம்பக்காரன் ஊதினான். கைதட்டலுக்காக நான் காத்திருந்தேன். கைதட்டல் வரவில்லை. இருட்டில் ஒரு பெரிய மூச்சு கேட்டது, அதன் பிறகு ஒரே சமயத்தில் எல்லோரும் எழுந்தார்கள். கூடாரக் கம்பம் ஒன்று சாய்ந்தது. விளக்கை ஏற்றிப் பார்த்தபோது பாய்கள்தான் கிடந்தன. திரையில் சூரியன் யாருமில்லாத கூடாரத்துக்கு உதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த எஸ்டேட்டில் காலையில் கொம்பைச் சிறிதாக ஒருமுறை ஊதினால் பெரட்டு. விடாமல் ஊதினால் தண்ணீர். மேல்மலையில் பெய்த மழை இங்கே துளிகூட விழாமலே ஓடையில் பாய்ந்து இறங்கும். இங்கே நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும், அங்கே மரத்தைப் புரட்டிக்கொண்டு வெள்ளம் வந்துகொண்டிருக்கும். பெரிய வெள்ளத்தில் ஒரு லயமே மண்ணுக்குள் போனதாகவும், கொம்பு கேட்டு எழுந்த லயங்கள் பிழைத்ததாகவும் சொன்னார்கள்.

அந்த வெள்ளத்தன்று கொம்பை ஊதியவர் சுடலைமுத்து. எஸ்டேட் கொம்புக்காரர். ஐம்பது வயதிருக்கும், முறுக்கிய மீசை, தலைப்பாகை ஒருபோதும் அவிழாது. அவர் எங்கள் கூடாரத்துக்குள் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

“ஆருய்யா கொம்ப ஊதுனது? எங்க சனம் பாதி காட்டுக்குள்ள நிக்கிது. ஒருத்திக்கு முட்டி பேந்துபோச்சு.”

மானேஜர் கொங்குப் பக்கத்துக்காரர். யார் கோபித்தாலும் குரல் தாழ்ந்துதான் பேசுவார். தெரியாமல் நடந்துவிட்டது என்றார். கொம்பை எடுத்துவிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தார் என்றே நினைக்கிறேன். அதற்குள் சுடலைமுத்து எங்கள் கொம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பக்காரனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊதுனதுதான் ஊதுனான், நல்லாவாவது ஊதுனானா? ஆடு கத்துனாப்புல இருந்துச்சு” என்றார்.

கோபம் எங்கே முடிந்து பொறாமை எங்கே தொடங்கிற்று என்பதை நான் அப்போது கவனித்தேன், மானேஜரும் கவனித்தார். அவர் கேட்டார்: “ஏனுங்க, அப்ப நீங்களே ஊதிக் குடுக்கறதுங்களா?”

சுடலைமுத்து உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மீசையைத் தடவினார். அவர் சொன்ன நியாயம் எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது. “களத்துல நின்னு ஊதுனா தண்ணி. கூடாரத்துக்குள்ள நின்னு ஊதுனா சினிமா. எங்கொம்பு எங்க இருந்து கேக்குதுன்னு எஞ்சனத்துக்குத் தெரியாதாக்கும்?” என்றார். தாம் உள்ளே இருக்கும் நேரத்தில் ஓடையைப் பார்க்கத் தம் தம்பி மகனை மேலே நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். துரையிடமும் கங்காணியிடமும் இதே நியாயம் போயிற்று. அவர்களும் தலையாட்டினார்கள். இத்தனை பேர் யோசித்து ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது என்பதை நினைவில் வையுங்கள். அவசரத்தில் செய்த காரியம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து கொம்புக்குச் சுடலைமுத்து. உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் ஊதியபோதுதான் அந்தச் சூரியன் உதித்தது. எங்கள் கம்பக்காரன் மூச்சை மறைத்தான். இவருக்கு மறைக்க மூச்சே தேவைப்படவில்லை. முதல் இரண்டு நாள் சிலர் தம்மை அறியாமல் பாதி எழுந்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் “தண்ணி வருது, ஓடு ஓடு” என்று கேலி செய்து முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். முதல் நாள் ஓடியவர்கள் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் விழுந்தது. அதன் பிறகு ஒருவரும் எழவில்லை. கொம்பு தொடங்கியவுடனே கைதட்டத் தொடங்கினார்கள். கொழுந்து பறிக்கும்போது பெண்கள் என் பாட்டைப் பாடுவதாகவும், கொம்பு வரும் இடத்தில் வாயாலேயே ஊதுவதாகவும் கேள்விப்பட்டேன். சுடலைமுத்துவின் மகள் பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு தினமும் முன்வரிசையில், என் ஹார்மோனியத்துக்கு நேர் எதிரில் பாய் விரிப்பாள். அப்பன் ஊதும்போது குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள்.

எனக்கு மட்டும் அந்த இடத்தில் நிம்மதியில்லை. முன்கூட்டியே அறிந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஓடைச் சத்தம் காதிலேயே இருந்தது. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கூடாரத்தை எப்போது பிரிப்போம் என்று மானேஜரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். வசூல் நன்றாக இருக்கும்போது பாகவதருக்கு என்ன அவசரம் என்று அவர் சிரித்தார்.

அந்த ஞாயிறு மாலை மழை இல்லை. மேற்கே வானம் வெளுத்துத்தான் இருந்தது. கூட்டம் நிறைந்துவிட்டது. விளக்கணைக்கும் நேரம். திரைக்கு வலப்பக்கம் சுடலைமுத்து நிற்கும் இடம் காலியாக இருந்தது. அவர் என்றுமே பிந்தி வந்தவரல்ல. சனங்கள் பொறுமையிழந்து தரையைத் தட்டினார்கள். மானேஜர் வாசலில் நின்று படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் விளக்கை அணைத்துவிட்டு இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

கொம்பு கேட்டது.

கூடாரமே கைதட்டிற்று. “சொடல வந்துட்டாருடோய்” என்று யாரோ கத்தினார்கள். ஆபரேட்டர் கைப்பிடியைச் சுற்றினார். திரையில் மலை தெரிந்தது, அதன் பின்னால் வெளிச்சம் கசியத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தில் நான் வலப்பக்கம் பார்த்தேன். அங்கே யாருமில்லை.

மூடிய கூடாரத்துக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியாது. அதுவும் எதிர்பார்த்துக் காத்திருந்த சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எதிரிலிருந்து வந்ததாகவே தோன்றும். களத்தில் நின்றால் தண்ணீர், கூடாரத்தில் நின்றால் சினிமா என்ற எங்கள் நியாயம் அவ்வளவில் முடிந்தது. எல்லோர் கண்ணும் திரையில் இருக்க, அவர் அங்கே இல்லை என்பதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மானேஜருக்கும் புரிந்துவிட்டது. வாசலிலிருந்து “தண்ணி வருதுங்க” என்று குரல் கொடுத்தார். கூடாரம் குலுங்கிச் சிரித்தது. ஒருவன் “ஓடு ஓடு” என்றான். இன்னொருவன் முதல் நாள் ஓடியவளின் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மானேஜர் மறுபடி கத்தவில்லை. கத்தியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். மறுபடியும் சிரித்திருப்பார்கள், அல்லது நம்பியிருப்பார்கள். நம்பினால், இருட்டில், தரையில் படுத்திருந்த குழந்தைகளை மிதித்துக்கொண்டு, இருவர் ஏற முடியாத அந்தப் படிகளுக்கு எல்லோரும் ஒன்றாகப் போயிருப்பார்கள். முதல் நாள் ஒரு முட்டியோடு தப்பியது அதிர்ஷ்டம்.

கொம்பு நிற்கவில்லை. பேச்சியம்மாள் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, வலப்பக்கம் காட்டி, அப்பனைத் தேடினாள்.

நான் ஆபரேட்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவர் இயந்திரத்தின் விளக்கை மூடினார். சூரியன் மலைக்குப் பாதி மேலே வந்த இடத்தில் அணைந்தது. ஹார்மோனியத்தின் துருத்தியை இழுத்து, ‘கிழக்குத் திறந்தது’ எடுக்கவேண்டிய இடத்தில் மங்களம் எடுத்தேன்.

மங்களம் பாடினால் எழுந்து போகவேண்டும். கூத்திலும் நாடகத்திலும் பஜனையிலும் அப்படித்தான்; அதற்குக் காரணம் கேட்டு யாரும் வளர்ந்ததில்லை. மங்களத்துக்குப் பிறகு உட்கார்ந்திருப்பது ஆகாது. அதில் அவசரமும் கிடையாது. பாயைச் சுருட்டுவார்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போடுவார்கள், ஒருவர் பின் ஒருவராக நகர்வார்கள். மனம் என்ன நினைத்தாலும் உடம்பு எழுந்துவிடும். அந்த உடம்பைத்தான் நான் நம்பினேன்.

மானேஜர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, தினமும் ஆட்டம் முடியும்போது செய்வதைப்போலவே, காஸ் விளக்கை ஏற்றி வாசலில் மாட்டினார். தினமும் சொல்வதையே சொன்னார். “பாத்துப் போங்க. கொழந்தைகளப் புடிச்சுக்கங்க. படியில ஒவ்வொருத்தரா ஏறுங்க.” அவர் குரலில் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. என் தொழில் வாழ்வில் நான் பார்த்த மிகப் பெரிய நடிப்பு அது.

திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கங்காணி எழவே இல்லை. “என்னய்யா பாகவதரே, பூசைக்கு முன்னயே திருநீறு குடுக்கீரு?” என்றார். கூட்டம் சிரித்தது, சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டியது. கடைசியில் கங்காணிக்கும் கால் தானாக எழுந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

மங்களத்தை வேகமாகப் பாடிவிடக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரும்பாடு. என் உடம்பு முழுவதும் வாசலை நோக்கி இழுத்தது. தாளம் ஓட ஓட அதைப் பிடித்து நிறுத்தினேன். அவசரமாகப் பாடினால் ஒரு முகம் திரும்பிப் பார்க்கும். ஒரு முகம் போதும். இரண்டாவது அடியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்திருந்த பாய் நனைந்தது. கூடாரத் துணிக்கு அடியில் தண்ணீர் நாக்கை நீட்டியிருந்தது. அப்போது உள்ளே இன்னும் ஒரு வரிசை பாக்கி. நான் முதல் அடிக்கே திரும்பிப் போனேன்.

வெளியே போனவர்களுக்குக் கொம்பு எங்கிருந்து வருகிறதென்று கேட்டுவிட்டது. அதன் பிறகு ஓடினார்கள். ஆனால் படியேறி மேட்டில் ஓடினார்கள். கடைசியாகப் பேச்சியம்மாளை முன்னால் விட்டு, மானேஜரும் ஆபரேட்டரும் நானும் ஏறினோம். முழங்கால் வரை தண்ணீர். நாங்கள் பாதிப் படியில் இருந்தபோது கீழே கூடாரம் ஒருமுறை ஊதிப் புடைத்தது. பிறகு கம்பங்களோடு சேர்ந்து சாய்ந்து, மெதுவாகத் திரும்பி, இருட்டுக்குள் போயிற்று. இயந்திரமும் அதில் மாட்டியிருந்த சூரியச் சுருளும் என் ஹார்மோனியமும் அதோடு போயின. ஆள் சேதம் இல்லை.

களத்தில் சுடலைமுத்து இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். மகள் போய்க் கையைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார். உதடு கிழிந்து இரத்தம் மீசையில் இறங்கியிருந்தது. கூடாரத்துக்குக் கிளம்பிய சமயத்தில்தான் தம்பி மகன் ஓடிவந்து மேலே மரங்கள் முறியும் சத்தத்தைச் சொன்னானாம். அவர் மகளை அணைக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“ஊதுனேன். நீங்க கைதட்டுனீக” என்றார். மீசையிலிருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும், “நான் ஊத ஊத எஞ்சனம் கைதட்டுச்சு, பாகவதரே” என்றார்.

எங்களையெல்லாம் தொழிற்சாலை மாடிக்கு ஏற்றினார்கள். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு இடையில், பச்சிலை வாசனையில், நனைந்த துணியோடு ஒதுங்கினோம். கீழே தண்ணீர் கற்களை உருட்டுவது கேட்டது. குழந்தைகள் அழுதன. யாராலும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சன்னலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். மானேஜர் சொன்ன அதே நிலை: உடம்பு உள்ளே வந்துவிட்டது, மனம் வரவில்லை.

பேச்சியம்மாள்தான் சொன்னாள். “முடிச்சுட்டீக. ஆரம்பிக்கத்தான் மறந்துட்டீக. பாடுங்க, பிள்ளைக உறங்கட்டும்.”

ஹார்மோனியம் இல்லை, திரை இல்லை, சூரியன் இல்லை. நான் எழுந்து நின்றேன். பழக்கத்தால் கொம்புக்காகக் காத்தேன். மாடி முழுவதும் அமைதியாயிற்று. எல்லோரும் சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொம்பை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அதிலிருந்து ஊதிய மூச்சின் ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார், ஊதமாட்டேன் என்று. சூரியன் எழும் நேரம் முழுவதும் அந்த அமைதி நின்றது. கீழே ஓடை மட்டும் கேட்டது. பிறகு நான் பாடினேன். அவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

சமவெளிக்குத் திரும்பி, புதுக் கூடாரமும் வேறொரு சுருளும் தேடிக்கொள்ள மாதங்கள் ஆயின. பாட்டின் பேர் போகவில்லை. ஆனால் மானேஜர் புதுக் கொம்பு வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது இருந்த இடத்தை மட்டும் பாட்டிலிருந்து எடுக்காமல் விட்டேன். விளக்கணைந்த பின் ஒரு சூரியன் எழும் நேரம் பேசாமல் நிற்பேன். கஞ்சிக்கோட்டில் “ஏனுங்க, கொம்பு எங்கீங்க?” என்று கூவினார்கள். கூவி ஓய்ந்து தாமே அமைதியானார்கள்.

நான் ஓய்வுபெறும் வரை அந்த இடத்தை நிரப்பவில்லை. அங்கே நான் மூச்சு சேர்த்துக்கொண்டேன் என்று உங்களில் சிலர் சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். மூச்சு எனக்குப் போதுமான அளவு இருந்தது. கூடாரத்துக்கு வெளியே ஏதாவது கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கிழக்கைத் திறந்தேன்.